உன் மருந்தைக் கறுக்க வைத்த பானம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நம் உறவில் ஒரு பிள்ளைக்கு முதல் நற்கருணை விருந்து நடந்தது. நான் உனக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது உன் அப்பாவின் சித்தப்பா என்னைக் காட்டி உரக்கச் சொன்னார்: "பாத்து லா! இவ தண்ணியக்கூட லேப்புக்கு அனுப்பிட்டுத்தான் குடிப்பா. சொந்த நாத்தனார் குடுத்ததையே டெஸ்ட் பண்ணவ." மேசையே சிரித்தது. உன் ஸ்டெல்லா அத்தையும் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். நீயும், உனக்கென்ன, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று வாயில் சோற்றோடு சிரித்தாய். உனக்கு இன்னும் நான்கு வயது ஆகவில்லை. ஆனால் நம் குடும்பத்தில் ஒரு கதை விருந்து மேசைக்கு வந்துவிட்டால் பிறகு போகாது. உன் கல்யாண மேசையிலும் அதையே சொல்வார்கள். உன் மனைவியாக வருகிறவள் என்னைப் பற்றி முதலில் கேட்கப்போவது அதுவாகத்தான் இருக்கும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நீ வளர்ந்து, இந்த வீட்டை விட்டு எங்கேயோ கிளம்பும் நாளில் இதை உன்னிடம் கொடுப்பேன். உன்னைப் போல வளர்ந்துவிட்ட பிள்ளைகள் யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் சந்தேகக்காரிதான். அதை மறுத்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினால் உன் அப்பாவே நம்பமாட்டார். பால் பொட்டலத்தில் தேதி சரியாக இருந்தாலும் முகர்ந்து பார்ப்பேன். பாசாரில் மீன்காரர் "நேத்து ராத்திரி வந்த மீன் கா" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். "உங்க அம்மாவோட சந்தேகத்துக்குச் சம்பளம் குடுக்கறாங்கடா" என்று உன் அப்பா உன்னிடம் சொல்வார். அது ஒருவகையில் உண்மை. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நம் அடுக்குமாடியிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நான் திரும்பும் வரை நீ அடுத்த கட்டடத்தில் ஸ்டெல்லா அத்தை வீட்டில் இருப்பாய். அவர் உன் அப்பாவின் மூத்த அக்கா. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நீ என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடாதே.

என் வேலை என்ன என்று இதைப் படிக்கும்போதும் உனக்குச் சரியாகப் புரிந்திருக்காது. மங்குஸ்தான் பழத்தைத் தின்றுவிட்டு நாம் எறிகிற அந்தத் தடித்த சிவந்த தோலில், தேயிலையில், மஞ்சளில், வல்லாரையில் எல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்லப்படும் பொருள்கள் இருக்கின்றன. உடம்புக்கு நல்லது செய்யும் என்று நம்புகிறோம். ஆனால் அவை ரொம்பக் கூச்ச சுபாவம் உள்ளவை. வெளிச்சம் பட்டால் கெடும், சூடு பட்டால் கெடும், வயிற்றுக்குள் போனால் வழியிலேயே சிதைந்துபோகும். அதோடு கசக்கும், துவர்க்கும். அதனால் அவற்றை எடுத்துப் பால் புரதத்தாலோ கொழுப்பாலோ ஆன மிக நுண்ணிய உருண்டைகளுக்குள் பூட்டி வைக்கிறோம். ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கான உருண்டைகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சின்னவை. ஓர் இயந்திரம் கலவையைக் கடுமையான அழுத்தத்தில் ஒரு மெல்லிய இடுக்கு வழியாகத் திரும்பத் திரும்பப் பிழிந்து அனுப்பும். முதலில் பால்போல வெள்ளையாக இருக்கும். உருண்டைகள் சிறுத்துக்கொண்டே போகும்போது வெள்ளை குறைந்து, விளிம்பில் இலேசாக நீலம் ஓடும். அந்த நீலத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷம் வரும். பிறகு உலர்த்திப் பொடியாக்குவோம். அந்தப் பொடியைப் பிள்ளைகள் குடிக்கும் சத்து பானத்தில் கலப்பதுதான் எங்கள் திட்டம். கசப்பே தெரியாது.

கசப்பே தெரியாது என்பதை எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தயங்குகிறது. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

உனக்கு மூன்று வயது முடிந்த சமயம் நீ சோர்ந்து போக ஆரம்பித்தாய். மற்ற பிள்ளைகள் ஓடும்போது நீ உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாய். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் இரும்புச்சத்து குறைவு என்றார், சொட்டு மருந்து கொடுத்தார். துருப்பிடித்த ஆணியை நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு மருந்து. காலையில் எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும் என்பதால் மத்தியானம் அத்தை கொடுப்பதாக ஏற்பாடு. அவர் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. மறுபடி ரத்தம் பார்த்தபோது எண் ஏறவே இல்லை. டாக்டர் காகிதத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மருந்தை எதோட குடுக்கறீங்க?" என்றார். "தண்ணியோடதான் டாக்டர்" என்றேன், எனக்குத் தெரிந்ததைப் போல. "ஒழுங்கா குடுத்தும் ஏறலைன்னா, வேற எங்கயாச்சும் ரத்தம் போகுதா, வேற ஏதாவது பிரச்சினையான்னு பாக்கணும்மா. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்." அந்த 'வேற ஏதாவது' என் காதிலேயே நின்றது. உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நீ எடையே இல்லாதவன்போல இருந்தாய். அந்த வாரம் முழுக்க நீ தூங்கும்போது உன் நகங்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபடி இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டெல்லா அத்தை வீட்டில் அந்தக் கூட்டம் நடந்தது. பூசை முடிந்து வந்த ஞாயிறு. கோவில் தோழிகள் சிலர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காஜாங்கிலிருந்து செல்வம் அங்கிள் என்று ஒருவர் வந்திருந்தார், கையில் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி ஒரு பெரிய பொட்டலம், இன்னொரு கையில் பொடி டப்பாக்கள். வீடு வீடாக ஆள் சேர்த்து விற்கிறார்களே, அந்த வகை வியாபாரம். அத்தை ஏற்கெனவே சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சாத்தே முடிந்ததும் செல்வம் அங்கிள் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, புண்ணுக்குப் போடும் அயோடின் புட்டியிலிருந்து சொட்டுகள் விட்டார். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது.

"இது என்னா? இதுதான் நம்ம உடம்பு," என்றார். "பொகை, எண்ணெய், டென்ஷன், மாமியார்" (எல்லாரும் சிரித்தார்கள்) "எல்லாம் சேந்து இப்படி அழுக்கா கெடக்கு. இப்ப பாருங்க." மங்குஸ்தான் தோலும் பச்சைத் தேயிலையும் சேர்ந்த நானோ பொடி என்று சொல்லி ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். கண் மூடித் திறப்பதற்குள் பழுப்பு நிறம் மறைந்தது. பெண்கள் "அய்யோ ஆண்டவரே" என்றார்கள். ஒருவர் கைதட்டினார்.

எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். "அங்கிள், சத்தெல்லாம் நானோ உருண்டைக்குள்ள பூட்டி இருக்கு, வயித்துல கெடாது, நேரா குடலுக்குப் போய்த்தான் தொறக்கும்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாம்மா. அதான் டெக்னாலஜி."

"பூட்டியிருந்தா தம்ளர்லயே எப்படி உடனே வெளிய வந்து வேல செய்யுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார், ரொம்ப இல்லை. "அதான்மா நானோ! ரொம்ப சின்னது. பூட்டுக்குள்ள இருந்தே வேல செய்யும்."

"ஆரம்பிச்சிட்டா," என்றார் உன் அத்தை, சிரித்தபடிதான், ஆனால் கண் சிரிக்கவில்லை. "இவ லேப்ல வேல செய்யறா அங்கிள். அந்த நெனப்புலயே இருப்பா. நீங்க மேல சொல்லுங்க."

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன், உன் படிப்பு எதுவாக இருந்தாலும் இது புரியும். நிறம் மறைந்ததில் மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. துவர்ப்புப் பொருள் அயோடினின் நிறத்தை எடுக்கும். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலும் எடுக்கும். அன்று மாலையே நம் சமையலறையில் உன் அப்பாவுக்கு அதைச் செய்து காட்டினேன். அங்கே இருந்தவர்களுக்கு எது நிரூபணமாகத் தெரிந்ததோ அதுதான் எனக்கு எதிர்நிரூபணம். அந்தப் பொடியில் உருண்டையும் இல்லை, பூட்டும் இல்லை. சும்மா அரைத்த தோலும் தேயிலைச் சாறும். டப்பாவில் மட்டும் நானோ. "சரி, அதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார் உன் அப்பா. "அக்காவுக்குப் பொழுது போகுது. டீ குடிச்சா யாரும் சாகறதில்ல. விடேன்." சரிதானே என்று எனக்கும் பட்டது. ஊரை ஏமாற்றுகிறவர்களையெல்லாம் திருத்தவா நான் பிறந்தேன்? விட்டுவிட்டேன். சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். ஆனால் அந்தச் சந்தேகத்தை அது போகவேண்டிய இடம் வரை நடத்திக்கொண்டு போகாமல் பாதியில் உட்கார வைத்தேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்று உண்டென்றால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. முணுமுணுக்கிற சந்தேகம் யாருக்கும் பயன்படாது. உறவுதான் கெடும்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் அத்தை காப்பாரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்ததால் உனக்கு மருந்து நான் கொடுக்க வேண்டி வந்தது. தண்ணீரில் விட்டு நீட்டினேன். ஒரு வாய் வைத்துவிட்டு என் சட்டைமேலேயே துப்பினாய்.

"இது வேணாம். கறுப்புத் தண்ணி குடு."

"என்ன கறுப்புத் தண்ணி?"

"அத்தை குடுப்பாங்கல்ல. கறுப்புத் தண்ணி. இனிக்கும்." சொல்லிவிட்டு, எனக்கு விவரம் போதாது என்று நினைத்தாயோ என்னவோ, கையால் கலக்கிக் காட்டினாய். "மொதல்ல ரோஸு. அப்புறம் மருந்து ஊத்துனா கறுப்பு. மேஜிக்கு!"

ரோஸு என்றால் அந்த மங்குஸ்தான் பொடிதான். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மைபோலக் கறுக்கும். பழைய காலத்தில் எழுதும் மையையே அப்படித்தான் செய்தார்கள். இரும்பு அப்படிப் பிடிபட்டுவிட்டால் உடம்பு அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளாது, வந்த வழியே போய்விடும். இரும்பு மருந்து சாப்பிடுகிறவர்களிடம் தேநீர் குடிக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான். உன் மருந்து உன் வாய்க்கு வருவதற்கு முன்பே கோப்பையில் கட்டுப்பட்டுக்கொண்டிருந்தது, தினமும், அன்பாகக் கலக்கி, ஸ்பூனால் ஆற்றி.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் போனேன். அது வேவு பார்ப்பது என்று எனக்குத் தெரியும். கதவு திறந்தே இருந்தது. நீ நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவர் கோப்பையில் சொட்டு மருந்தை விட்டு, "கறுப்பு வருது, கறுப்பு வருது" என்று பாட்டாகப் பாடிக் கலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் நான் உடைத்தேன்.

"அக்கா, அதக் குடுக்காதீங்க."

"ஏன்? என்னாச்சு?"

"அந்தப் பொடி மருந்தைக் கெடுக்குது. கறுக்குதுல்ல, அது மருந்து செத்துப்போறது. அதான் அவனுக்கு ரத்தம் ஏறல."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு வந்தது. "நான் உன் புள்ளைக்கு விஷமா குடுக்கறேன்?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"பின்ன எப்படிச் சொன்ன? சும்மா குடுத்தா துப்பறான். வாந்தி எடுக்கறான். மூக்கைப் பிடிச்சு ஊத்தச் சொல்றியா? இது இனிப்பா இருக்கு, சத்தும் இருக்கு, ஒரே வேலையா முடியுதேன்னு கலந்தேன். நீ காலையில ரயிலேறிப் போயிடற. நான்தானே அவன் துப்பறத தொடைக்கறேன்?"

பதில் இல்லாதபோது படித்தவர்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தேன், விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். இரும்பு, துவர்ப்பு, பூட்டு, உருண்டை, அது போலி நானோ, நாங்கள் செய்வது அசல் என்று என்னென்னவோ. அத்தை இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீயும் அதே மங்குஸ்தான் தோலத்தானே அங்க அரைக்கற?"

"ஆமாக்கா, ஆனா எங்களுது..."

"பூட்டுப் போட்டது. சரி. கொண்டா. அதையும் ஊத்திப் பாத்துடுவோம்."

சுவைப் பரிசோதனை முடிந்து மிஞ்சும் பொட்டலங்களை எங்கள் ஆய்வகத்தில் வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்கள். அப்படி எடுத்து வந்தது நம் வீட்டில் இருந்தது. உனக்குக் கொடுத்ததில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று அதுவரை நான் என்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை. போய் எடுத்து வந்து, கோப்பையில் கரைத்து, அத்தை கையாலேயே மருந்தை விடச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. வெளிறிய ரோஜா நிறம் அப்படியே இருந்தது. தம்பி, அந்த நேரத்தில் எனக்கு வந்த கர்வத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. "பாத்தீங்களாக்கா? இதான் வித்தியாசம்" என்றேன், செல்வம் அங்கிளின் குரலிலேயே. அத்தை உனக்குச் சோறு ஊட்டினார், எனக்கும் ஒரு தட்டு வைத்தார், நெத்திலி சம்பலும் கீரையும். கோபத்திலும் சோறு போடாமல் அனுப்பமாட்டார். தட்டைக் கழுவிவிட்டு வந்து கோப்பையைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இங்க வா."

ரோஜா நிறம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. அடியில் இன்னும் கறுப்பாக.

"உன்னுது நிதானமா கறுக்குது," என்றார். "அவ்வளவுதான்."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து என் சந்தேகம் வீடு மாறி என் மேசைக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் சத்து பானத்தில் இரும்புச்சத்தும் சேர்க்கிறோம். பொட்டலத்தில் பெரிய எழுத்தில் போடப்போகிறோம். ஒரே பொடியில் இரும்பும் இருக்கிறது, தோல் சாறும் உருண்டைக்குள் இருக்கிறது. உருண்டை திறக்காவிட்டால் சாற்றால் பயனில்லை. திறந்தால், அதே குடலில் இரும்பும் இருக்கிறதே, அங்கே என்ன நடக்கும்? இதை நாங்கள் பார்க்கவே இல்லை. எத்தனை சாறு உள்ளே பூட்டியிருக்கிறது, எத்தனை நாள் கெடாது, கசக்கிறதா, இவற்றைத்தான் அளந்தோம். சுவை பார்க்கிறவர்களைச் சிவப்பு விளக்கு எரியும் சின்னச் சின்ன அறைகளில் உட்கார வைப்போம். நிறத்தைப் பார்த்து மனம் மாறக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு வழக்கம், எல்லா உணவு ஆய்வகங்களிலும் உண்டு. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு கோப்பை சாம்பலாக மாறினால் யாருக்குத் தெரியும்? நாக்குக்குத் தெரியாமல் கசப்பை மறைத்தோம், கண்ணுக்குத் தெரியாமல் நிறத்தை மறைத்தோம். கசப்பும் துவர்ப்பும் ஒரு பிள்ளையின் வாசலில் நிற்கிற காவல்காரர்கள். சில சமயம் நல்ல விருந்தாளியையும் துரத்திவிடுவார்கள், மருந்தைத் துப்பினாயே, அதுபோல. அதற்காக அவர்களை ஏமாற்றித்தான் உள்ளே போக வேண்டுமென்றால், அப்படிப் போகிறவர் யாரென்று விசாரிக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. நான் விசாரிக்கவில்லை.

என் மேலாளர் மிஸ் லிம்மிடம் போய்ச் சொன்னேன். கறுத்த கோப்பையின் படத்தைக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர். "ஒரு கோப்பை பானத்தைப் பிள்ளை சாப்பாட்டு நேரம் முழுக்கவா வைத்துக் குடிக்கப் போகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கோப்பையில் நடப்பது வயிற்றிலும் நடக்கலாம் என்றேன். "நடக்கலாம் என்றால்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாது என்பதுதான் என் புகார் என்றும் சொன்னேன். விற்பனைப் பிரிவினர் பொட்டலம் அச்சுக்குப் போகும் நேரத்தில் இது என்ன என்று கத்தினார்கள். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதை ஒருவர் அக்கறையோடு நினைவூட்டினார். கடைசியில் மிஸ் லிம், வயிற்றையும் குடலையும் போலச் செய்த கரைசல்களில் இரும்போடு சேர்த்துச் சோதித்துப் பார், அதுவரை பொட்டலத்தில் பிள்ளை படம் போகாது என்றார். அந்தச் சோதனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சாதகமாக வந்தால்கூட, எனக்குச் சாதகம் என்றால் இப்போது எது என்றே குழப்பமாக இருக்கிறது. எங்கள் உருண்டை ஒரு பிள்ளைக்காவது நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. அந்த நீலம் ஓடிய கலங்கல் பொய் இல்லை. அதற்கு மேல் நாங்கள் எழுதப்போகும் வாக்கியங்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உனக்கு ஒரு காலம் வரும். உன் காலத்தில் 'நானோ' பழைய சொல்லாகி வேறு ஒரு சொல் டப்பாக்களில் மின்னும். உன் கையில் ஒரு பிள்ளை சோர்ந்து படுத்திருக்கும்போது அந்தச் சொல் உன்னைக் கூப்பிடும். பிள்ளை பெற்ற நல்லவர்கள்கூட அப்போது கைதட்டுவார்கள். நீ அப்போது கேள். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே திறக்கும், கூட வேறெது போகிறது, யாரை வைத்துப் பார்த்தீர்கள். கேட்டால் விருந்தாளியை அவமானப்படுத்தியதாகச் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் கேட்கும்போது உன் அம்மா கேட்டதைப் போலக் கூட்டத்தின் நடுவில், ஜெயிப்பதற்காகக் கேட்காதே. நான் அன்று கூடத்தில் ஜெயிக்கத்தான் கேட்டேன். அதனால்தான் உன் அத்தை நான் சொன்னதை அப்புறம் காதில் வாங்கவில்லை, நானும் அவரிடம் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் முடிந்து சமையலறையில் தனியாகப் போய், "அக்கா, தம்பிக்கும் இதைக் குடுக்கறீங்களா?" என்று கேட்டிருந்தால் போதும். இன்னொன்று, இது கஷ்டம்: உன் கையில் இருக்கும் கோப்பையை ஒருவர் சந்தேகப்பட்டால் அதை அவர் முன்னாலேயே கீழே வைத்துப் பொறுத்திரு. உன் அத்தை எனக்கு அதைச் செய்தார். கோபத்தோடு செய்தார், ஆனாலும் செய்தார்.

அதற்குப் பிறகு அவர் உனக்கு மருந்தை ஆரஞ்சுச் சாற்றில் கொடுத்தார். அது இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். ஆனால் என்னோடு பேசவில்லை. உன்னை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் "சாப்பிட்டான்", "தூங்கினான்", அவ்வளவுதான். மூன்றாம் முறை ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. நீ ஊசி என்றால் என்னிடம் வரமாட்டாய், அத்தை மடிதான் வேண்டும். தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கிளினிக்கில் காத்திருந்த நேரத்தில் நாங்கள் இருவரும் எதிர்ச் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு 'வேற ஏதாவது' நினைவு. ஏறவில்லை என்றால், நான் அத்தைமேல் போட்ட பழி முழுவதும் என் தலையில் விழும், விழட்டும், அது பரவாயில்லை. ஆனால் ஏறவில்லை என்றால் உனக்கு உண்மையிலேயே வேறு என்னவோ இருக்கிறது. நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் அவ்வளவு பயத்தோடு நான் வேண்டியதில்லை. அத்தையின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. நான் சொன்னது சரியாக இருந்தால் உன் ரத்தம் ஏறாமல் போனதற்கு அவர் காரணம் என்றாகிவிடும். அது தெரிந்தும் அவரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "அட, நல்லா ஏறியிருக்கே! என்ன மாத்துனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "நான்தான் டாக்டர். சத்துப் பொடில மருந்தைக் கலந்து குடுத்துக்கிட்டிருந்தேன். மங்குஸ்தான் தோல், தேயிலை. கறுத்துப் போகும். எனக்குத் தெரியல. இவதான் கண்டுபுடிச்சா." உன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார், டாக்டரைப் பார்க்கவில்லை.

"பரவால்லம்மா, நெறைய பேர் செய்யறதுதான்," என்றார் டாக்டர். "பெரிய ஆஸ்பத்திரி வேணாம். இதையே தொடருங்க."

நான் அழுதேன். சத்தமில்லாமல்தான். அத்தை தன் கைக்குட்டையை என் பக்கம் நீட்டினார், திரும்பிப் பார்க்காமலே. பிறகு பையிலிருந்து உன் மருந்துப் புட்டியை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்து, விரலால் அதன் ஒட்டுத்தாளைத் தட்டினார்.

"டாக்டர், ஒரு விஷயம். இதுல கலர்னு எழுதியிருக்கே, அது என்னா கலர்? அது எதுக்கு? அவன் பல்லு வேற கறுப்பாகுதே, அதுவும் இதனாலயா? உள்ள போய் என்னா செய்யும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையும் என்னையும் பார்த்தார். வெளியே ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள். "உக்காருங்க, சொல்றேன்," என்றார். அத்தை உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். "நீயும் கேளு," என்றார். "நான் எதையாவது கேக்க விட்டுட்டா நீ கேளு."

உன் அம்மா